மூன்று தடவை நேரம் கேட்ட பிள்ளை

"வியாழன். ஐந்தாம் வகுப்புக்கு விவேகப் பரீட்சை நடத்தப்பட்டது. வந்த பிள்ளைகள் 31. எட்டாம் இலக்கம் அமைதியின்றி இருந்தது. மூன்று தடவை நேரம் கேட்டது. எழுபத்தைந்து வினாக்களில் பதினொன்றுக்கு மட்டும் விடை. மந்தம்."

நாம் படித்த பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உள்ள குறிப்பு இது. அன்றன்று நடந்ததைத் தலைமையாசிரியர் தன் கைப்பட எழுதி வைக்கும் நீளப் புத்தகம். சென்ற ஆண்டு அலுவலகத்தைத் திருத்தியபோது வீசுவதற்கென்று குவித்ததில் அது கிடந்தது. அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதிக்கொண்டேன். சுனாமியில் கடல் வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டு நனைந்ததில் ஆண்டு எழுதிய மூலை மைக்கறையாகிப் போயிருக்கிறது. கிழமை மட்டும் தப்பியிருக்கிறது.

அந்த நாளை அடையாளம் காண எனக்குக் கிழமையே போதும். சிறுபோக வெள்ளாமை வெட்டி, சூடடித்து, நெல் வண்டிகள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்து உதட்டை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தவணையின் கடைசி வியாழன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எனக்கும் என் மச்சானுக்கும் சுன்னத்துக் கலியாணம் நடந்தது. அந்த நாளை எந்த ஆண் பிள்ளையும் பிழையாக ஞாபகம் வைத்திருப்பதில்லை.

எட்டாம் இலக்கம் மச்சான். ஏழாம் இலக்கம் நான்.

நம் வகுப்பில் மிஞ்சியிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் இன்றும் என்னைக் கலியாண வீடுகளில் கண்டால் "விவேகத்தில் முதலாம் பிள்ளை" என்று முதுகில் தட்டுகிறீர்கள். அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் அதைச் சுமந்ததே அதிகம்.

மச்சான் என் வாப்பாவின் தங்கச்சி மகன். என்னைவிட நாற்பது நாள் மூத்தவன். அந்த நாற்பது நாளை வைத்து எல்லாவற்றிலும் என்னை முந்திவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். பிரதான வீதியோரம் நின்று, வரும் நெல் வண்டிகளைப் பார்ப்பது எங்கள் இருவரின் பொழுதுபோக்கு. சில்லில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்து, வண்டி எந்தப் பக்கத்து வயலில் இருந்து வருகிறதென்று சொல்லிவிடுவான். கறுத்த களி காய்ந்து வெடித்திருந்தால் வரிப்பத்தான்சேனைப் பக்கம். வெளிறிய மணல் கலந்திருந்தால் கிட்ட உள்ள வயல். நான் வண்டிக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டுச் சரிபார்ப்பேன். அந்த வயதிலேயே எனக்குச் சரிபார்க்கும் வியாதி இருந்திருக்கிறது. அவன் பிழைத்தது இரண்டு தடவைதான்.

அந்தத் தவணையில் நம் தலைமையாசிரியர், நாம் பெரிய சேர் என்று அழைத்தவர், கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு சிறு புத்தகத்தோடு திரும்பி வந்தார். பிள்ளைகளின் விவேகத்தை அளக்கும் புத்தகம் என்றார். அதை ரோனியோவில் அடித்து, அதில் கூடிய புள்ளி எடுக்கும் எட்டுப் பேரைத் தனியாகப் பிரித்து, புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று ஒரு விசேட வகுப்பு நடத்துவது அவருடைய திட்டம். எட்டுப் பேருக்கு மேல் அந்தச் சிறிய அறையில் கதிரை போட இடமில்லை. அந்த எட்டுக்குள் வந்தால் பெரிய பாடசாலை, வெளியூர், விடுதி, உத்தியோகம். வராவிட்டால் எட்டாம் வகுப்போடு வயல் அல்லது கடல். ஊரே அப்படித்தான் நம்பியது. மாமி, அதாவது மச்சானின் உம்மா, அதை எல்லாரையும்விட உறுதியாக நம்பினார். அவருடைய கணவர் ஆழ்கடல் தோணிக்காரர். மகனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று மாமி எப்போதோ நிய்யத்து வைத்துவிட்டார்.

இனி, எங்கள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்த பிழை.

எங்கள் பக்கத்துக்கு வரும் ஒஸ்தா சாய்ந்தமருதுக்காரர். முடி வெட்டுவதும் அவர்தான், சுன்னத்துச் செய்வதும் அவர்தான். அறுவடை முடிந்த காலத்தில் ஊரூராக அவருக்கு ஓய்வே இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து அவர் கொடுத்த ஒரே நாள் அந்த வியாழன். பொழுது சாய்ந்தால் எங்கள் கணக்கில் வெள்ளி இரவு, நல்ல நேரம் என்று எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகுதான் பெரிய சேர் பரீட்சையையும் அதே வியாழன் காலையில் வைத்திருக்கிறார் என்று தெரியவந்தது. வாப்பா போய்க் கதைத்தார். நாளை மாற்ற முடியாது என்றார் பெரிய சேர்.

"பரீட்ச காலையில. உங்கட அலுவல் பின்னேரம். ஒண்டுக்கொண்டு என்ன இடைஞ்சல்? புள்ளைகளுக்கு மட்டும் செல்லிப் போடாதீங்க. அறியாத புள்ளைக்குப் பயமில்ல."

வாப்பாவுக்கு இந்த வசனம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு வீட்டிலும் அதுவே சட்டமாயிற்று. பெண்கள் குசினியில் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். நாங்கள் உள்ளே போனால் பேச்சு உடனே அரிசிக்கும் விறகுக்கும் மாறிவிடும். கல்முனை பசாரில் வாங்கிய வெள்ளைச் சீலையை வாப்பா சைக்கிள் கரியரில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அதைப் பார்த்தேன். சாக்கு என்று நினைத்தேன்.

நான் அந்தக் கிழமை முழுவதும் நன்றாகத் தின்று, நன்றாக விளையாடி, இராத்தொழுகை இஷாவுக்கு முன்னமே விழுந்து நித்திரை கொண்டேன். இதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பரீட்சைக் காலையை இப்போதும் மூக்கால் நினைக்கிறேன். ரோனியோத் தாள் அடித்த மறுநாள் வரும் அந்த எண்ணெய் வாசம். தாளைத் தொட்டால் விரல் நுனியில் மை ஒட்டும். பெரிய சேர் மேசையில் இரண்டு காதுபோல மணி வைத்த மணிக்கூடு ஒன்று இருந்தது. அதன் முகம் அவர் பக்கம், முதுகு எங்கள் பக்கம். நேரம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது நிமிடம் என்றார். மணிக்கூட்டின் சத்தம் கடைசி வாங்குவரை கேட்டது. கச்சான் காற்று தாளைக் கிளப்பாமல் இருக்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கல் கொடுத்திருந்தார்கள்.

வினாக்கள் எனக்கு விளையாட்டாக இருந்தன. மண்வெட்டி, அரிவாள், கலப்பை, நெல் இவற்றில் சேராதது எது? இரண்டு, நாலு, எட்டு, அடுத்தது என்ன? நான் அடித்துக்கொண்டு போனேன்.

பக்கத்தில் மச்சான் இருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. கச்சானுக்கு எல்லார் கண்ணும் சிவந்துதான் இருக்கும், அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளங்கை வியர்வையில் அவனுடைய தாளின் ஓரம் சுருண்டிருந்தது. ஒரே வினாவில் பென்சிலை வைத்தபடி இருந்தான். பிறகு கையை உயர்த்தினான்.

"சேர், நேரம் என்ன?"

"ஒம்பது பத்து."

கொஞ்சம் கழித்து மீண்டும். "சேர், நேரம்?"

"ஒம்பதே கால். உனக்கு என்ன அவசரம்?"

மூன்றாம் தடவை கேட்டபோது பெரிய சேர் எழுந்தே வந்துவிட்டார். "பரீட்ச எழுத வந்தாயா, மணி அடிக்க வந்தாயா?" வகுப்பு சிரித்தது. நண்பர்களே, நீங்களும் சிரித்தீர்கள். நானும்தான்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடித்தபோது அவனுடைய தாளில் பதினோராம் வினாவுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

நடுப்பகல் லுஹர் தாண்டி வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் பந்தல். குளிக்க வார்த்து, புதுச் சாரன் உடுத்தி, தொப்பி போட்டு, கழுத்தில் பூமாலை போட்டார்கள். பரீட்சை நல்லா எழுதினதுக்கு ஊரே கொண்டாடுகிறது என்று நான் உண்மையாகவே நினைத்தேன். எனக்கு விளங்கியது வெள்ளைச் சீலை போர்த்திய உரலையும் அதன் அருகே குந்தியிருந்த ஒஸ்தாவையும் கண்டபோதுதான். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தைப் பட்டாசாலும் குரவையாலும் மூட முடியவில்லை என்று இன்றும் மச்சிமார் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதலில் இருத்தியது மூத்தவனான மச்சானை. ஒஸ்தா வழக்கமான தந்திரத்தைத் தொடங்கினார்.

"மேல பாருங்க மகன், கூர வளையில பச்சக் கிளி ஒண்டு..."

"கிளி இல்ல எண்டு தெரியும்," என்றான் மச்சான். "கெதியாச் செய்ங்க."

ஒஸ்தா கையை நிறுத்தி, என் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வாப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு ஸலவாத்துச் சத்தம் எழுந்தது.

எங்கள் வீட்டு மண்டபத்தில் பன் புல்லில் இழைத்த புதிய பாய் இரண்டு போட்டு எங்களை அருகருகே கிடத்தினார்கள். மேலே வளையில் கயிறு கட்டி, அதிலிருந்து வெள்ளைச் சீலையைக் கூடாரம்போல இழுத்துவிட்டிருந்தார்கள். பன்னின் பச்சை வாசம், சாம்பிராணி, அவித்த முட்டை. இரண்டாம் நாள் வலி குறைந்து, பேசும் தெம்பு வந்தபோது கேட்டேன்.

"மச்சான், உனக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம்."

"எப்ப?"

"திங்கக்கிழம."

"பொய்."

"அல்லா அறிய. இறால் மலிஞ்ச கிழம அது. உங்கட வீட்டுல உனக்கு இறால் தந்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். தரவில்லை. என் அக்கா, ராத்தா, தின்றார். எனக்கு மட்டும் பருப்பு.

"கத்தரிக்கா? சூர மீன்? எல்லாம் கிரந்திச் சாமான். புண்ணுக்கு ஆகாது. எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல, எண்ட தம்பிக்கு மட்டும் குடுக்காங்க. மறுகா, சனிக்கிழம ஒஸ்தா வந்தாரா? நமக்கு முடி வெட்டிப் பத்து நாளும் இல்ல. கத்திரிக்கோல எடுக்கவேயில்ல. சும்மா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறார். மறுகா பாய். ரெண்டு வீட்டுலயும் மூணு பொடியன், புதுப் பாய் ரெண்டுதான்."

"சீலை?"

"அத நீதானே சாக்கு எண்டு சென்னாய்."

அவன் சிரித்தான். சிரித்தால் வலிக்கும் என்பதால் உடனே நிறுத்திக்கொண்டான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று இரவும் அவன் கண்மூடவில்லை. பகலில் சோற்றைப் பிசைந்து கோழிக்குப் போட்டிருக்கிறான். பரீட்சையில் அவன் கேட்டது அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான்.

"ஏண்டா எனக்குச் செல்லல்ல?"

"ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன பிரயோசனம்? ஒராளாவது எழுதட்டும் எண்டு உட்டுட்டன்."

ஒன்பது வயதும் சில மாதங்களும் ஆன பிள்ளை சொன்ன வார்த்தை. அவன் சொன்ன ஒழுங்கில் எதையும் நான் கூட்டவில்லை. அன்று அதன் பாரம் எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சொல்லாமல் விட்டதற்காக அவனோடு அரை நாள் கோபித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். அந்த நிலையில் திரும்பிப் படுக்க முடியாதென்பது ஞாபகம் வந்து அதையும் விட்டேன்.

ஐந்தாம் நாள் திருக்கோவில் சேர் வந்தார். அந்த ஆண்டுதான் நம் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்த இளைஞர். தினமும் திருக்கோவிலில் இருந்து பஸ்ஸில் வந்து போவார். அவருடைய பெயர் நமக்கு யாருக்கும் வாயில் வந்ததில்லை, ஊர்ப்பெயரே போதுமாக இருந்தது. ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து பாய்க்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார். எனக்கு முதலாம் இடம் என்ற செய்தியைச் சொன்னார். வாப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு சேர் மச்சானைப் பார்த்தார். மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நீ ஏன் பதினொண்டோட நிப்பாட்டினாய்?" என்று சேர் மெதுவாகக் கேட்டார்.

மச்சான் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். இறால், ஒஸ்தா, பாய் எல்லாவற்றையும் அவன் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னேன். சேர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பழத்தை உரித்துக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

"இவன் மந்தமாம்," என்றார் தனக்குத்தானே.

இரண்டு நாள் கழித்து, பெரிய சேரின் புத்தகத்தில் இருந்த இரண்டாம் தொகுதி வினாக்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். சீலைக் கூடாரத்துக்குள் படுத்தபடி, கோழிச் சாறு குடித்த வாயோடு, மச்சான் எழுதினான். இடையில் ஒரு வினா பிழையாக அமைந்திருக்கிறதென்றும், அதற்கு இரண்டு விடை சரிவரும் என்றும் சொன்னான். சேர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். எழுபத்தைந்தில் அறுபத்தெட்டு. எனக்கு அந்த வியாழன் கிடைத்தது ஐம்பத்தொன்பது.

அடுத்து நடந்ததைத் திருக்கோவில் சேரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வீட்டு முற்றத்தில் இரண்டு பின்னேரம் இருந்து கேட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் பெரிய சேரிடம் போயிருக்கிறார். பெரிய சேர் அதைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சேர், விவேகம் எண்டது உயரம் மாதிரி. அல்லா குடுக்கிற அளவு. ஒரு கிழமைக்குள்ள கூடுமா? கூடினா யாரோ செல்லிக் குடுத்திருக்காங்க."

"உயரம் அளக்கக்குள்ள புள்ள குனிஞ்சு நிண்டா என்ன செய்வீங்க, சேர்?"

"வகுப்புக்குப் போங்க, மணி அடிச்சிட்டு," என்றாராம் பெரிய சேர். மணி அடித்திருக்கவில்லை, விடுமுறைக் காலம்.

பெரிய சேரைக் கெட்டவராக நான் எழுதவில்லை. அவர் நேர்மையான மனிதர். தன் சொந்தச் சகோதரி மகனையும் அந்த எட்டுப் பேருக்குள் சேர்க்காதவர். இலக்கம் பொய் சொல்லாது என்று நம்பினார். நானும் அதை நம்புகிறவன்தான். இந்த விஷயம் பற்றி நான் பின்னாளில் தேடித்தேடி வாசித்திருக்கிறேன். பயமும் நித்திரையின்மையும் பிள்ளையின் ஞாபகத்தையும் கவனத்தையும் எப்படித் தின்கின்றன என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் வாசித்த பிறகும் என் முடிவு இதுதான்: அந்தப் பதினொன்று சரியான புள்ளி. அந்த வியாழன் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளையிடம் மிச்சமிருந்த பலத்தை அது சரியாகவே அளந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எழுதிய ஒரு சொல்தான் பிழை. என் ஐம்பத்தொன்பதில் எவ்வளவு விவேகம், எவ்வளவு நித்திரை என்று பிரித்துச் சொல்ல எந்தப் புத்தகமும் எனக்கு உதவவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை மாமி எங்கள் இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பெண்கள் பாடசாலை அலுவலகத்துக்குள் போவதில்லை. வாசல் நிலையோடு நின்றுதான் கதைப்பார்கள். மாமியும் முக்காட்டை இழுத்துவிட்டு நிலையோடுதான் நின்றார். ஆனால் குரல் உள்ளே போனது.

"சேர், எண்ட புள்ள மந்தமாம் எண்டு எழுதியிருக்கீங்களாம்."

"பரீட்சையில வந்தத எழுதினன், உம்மா."

"பரீட்சைக்கு அவன் நித்திர இல்லாமத்தான் வந்தான். அது எங்கட பிழை. மறைச்சது நாங்க. மறைக்கச் சென்னது யாரு?"

பெரிய சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பயமில்ல எண்டு சென்னது யாரு, சேர்? மறுகா பந்தலுக்கு வந்து, எங்கட ஆக்களோட ஒரே சஹன் தட்டுல இருந்து சோறு திண்டுட்டுப் போனது யாரு? பெரியாக்கள் எல்லாரும் சேந்து செஞ்ச பிழைக்கு ஒரு புள்ளையா தண்டம் கட்டுறது?"

"பரீட்சைய இன்னொருக்கா வெச்சா மத்தப் புள்ளைகளும் கேப்பாங்க. அது நீதியில்ல."

"நீதி எண்டா எனக்குத் தெரியா. புள்ளைய இதுல உட்டுட்டுப் போறன். நீங்களே பாருங்க. மந்தமா இருந்தா என்னக் கூப்பிட்டுச் செல்லுங்க, மத்த நாள் தோணிக்கு அனுப்புறன்."

சொல்லிவிட்டு மாமி போய்விட்டார். படலை தாண்டும்வரை திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் அலுவலக வாசலில் நின்றோம். மச்சான் என் கையை விடவில்லை. இந்தத் தடவை மாமி அவனிடம் எதையும் மறைக்கவில்லை. அந்த அறைக்குள் என்ன நடக்கிறதோ அதுதான் அவனுடைய வருங்காலம்.

பெரிய சேர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இஞ்ச வாங்க. எனக்கு ஒரு உதவி வேணும்."

என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து, அலுமாரிப் புத்தகங்களைத் தூசி தட்டச் சொன்னார். மச்சானைச் சுவரோடு சாத்தியிருந்த பெரிய பலகைக்கு முன்னால் கூட்டிப் போனார். பாடசாலை நேரசூசி அந்தப் பலகையில்தான் இருந்தது. வகுப்புக்கு ஒரு வரிசை, பாடவேளைக்கு ஒரு ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஆசிரியரின் பெயர் எழுதிய அட்டைத் துண்டு. விடுமுறைக்குள் ஓர் ஆசிரியைக்கு இடமாற்றம் வந்துவிட்டதால் முழுவதையும் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது.

"தையல் டீச்சர் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் வருவா. மௌலவி சேருக்கு இடைவேளைக்குப் புறகு ஏலாது. சின்ன வகுப்புக்குக் கணக்குக் கடைசிப் பாடமா வரக்கூடாது. ஒராள் ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புல நிக்க ஏலாது. நான் மூணு நாளா மினக்கெடுறன், சரிவரல்ல. நீ கொஞ்சம் பாரேன்."

பியோனைக் கூப்பிட்டுக் காற்று வருகிறதென்று கதவைச் சாத்தச் சொன்னார். கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார்.

நான் ஒரே புத்தகத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

மச்சான் முதலில் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெல் வண்டிக்கு முன்னால் நிற்பதுபோல நின்றான். பிறகு எல்லா அட்டைகளையும் கழற்றிச் சீமெந்து நிலத்தில் ஆள் ஆளாகப் பிரித்து வைத்தான். தையல் டீச்சரை முதலில் மாட்டினான். அடுத்தது மௌலவி சேர். நெருக்கடி கூடிய ஆட்களை முதலில் இருத்திவிட்டு, எங்கும் போகக்கூடியவர்களைக் கடைசிக்கு வைத்திருந்தான். அது எனக்கு இன்று விளங்குகிறது. அன்று விளங்கியது ஒன்றுதான்: அவன் நேரம் கேட்கவில்லை. இடையில் ஒரு தடவை திரும்பி, "சேர், நாலாம் வகுப்புச் சேர் தேகாப்பியாசமும் எடுப்பாரா?" என்று கேட்டான். "எடுப்பார்," என்றார் பெரிய சேர். அந்த ஒரு கேள்விதான்.

கடைசி ஆணியில் அட்டையை மாட்டியபோது இடைவேளை மணி இன்னும் அடித்திருக்கவில்லை. ஓர் அட்டைகூட மிஞ்சவில்லை. பெரிய சேர் எழுந்து வந்து, விரலால் ஒவ்வொரு வரிசையாக ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். திருக்கோவில் சேர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். பெரிய சேர் வெளியே போய், ஏழாம் வகுப்பில் இருந்து ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, விசேட வகுப்பு அறைக்குள் வைத்தார். இடமில்லாததால் கதவை முழுதாகத் திறக்க முடியாமல் போயிற்று. அந்தத் தவணை முழுவதும் அந்த அறைக்குள் நாம் ஒருக்களித்துத்தான் நுழைந்தோம். ஏனென்று உங்களில் பலருக்கு இதுவரை தெரிந்திருக்காது.

மாமியை அவர் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. மாமியும் போய்க் கேட்கவில்லை. உண்மையான புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து முடிவு வந்தபோது நம் அறையில் இருந்து மூன்று பேர் சித்தியடைந்திருந்தார்கள். அவர்களில் மச்சான் ஒருவன், நான் இல்லை. அந்தப் பரீட்சைக்கு முதல் நாள் நானும் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். ஆகவே எல்லாவற்றையும் நித்திரையின் தலையில் கட்ட முடியாது. மச்சான் நில அளவையாளனாகி, நாடு முழுவதும் சங்கிலி இழுத்து, இப்போது ஓய்வு பெற்று இறக்காமத்துப் பக்கம் வயலோடு இருக்கிறான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்தத் திங்கட்கிழமை, நேரசூசிப் பலகைக்கு முன்னால் நின்றபோது, அதுவும் ஒரு பரீட்சைதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா?

இதை அவனிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை என் மகளின் கலியாணத்தில், பத்துப் பேர் சுற்றி இருக்க. "தெரியாமலா? கதவச் சாத்தச் சென்ன உடனே தெரியும். காத்தே இல்ல அண்டைக்கு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று, அவனுடைய வயல் வரம்பில் நாங்கள் இருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தபோது. சிறிது யோசித்தான். "இல்ல மச்சான். பெரிய சேருக்கு மெய்யாவே சரிவரல்ல எண்டுதான் நினைச்சன். பாவமாக் கிடந்திச்சு."

முதல் பதிலைச் சபையில் சொன்னான், சிரிப்புக்காகச் சொல்லியிருக்கலாம். இரண்டாவதைத் தனிமையில் சொன்னான்; வயது போன ஞாபகமாக இருக்கலாம். அன்று காற்று இருந்ததா இல்லையா என்பதற்கு என்னிடம் பதிவு இல்லை, திரட்டுப் புத்தகத்தில் அந்தத் திங்கள் எழுதப்படவில்லை. இரண்டு பதிலையும் கிழமையோடு குறித்து வைத்திருக்கிறேன். எது சரியென்று இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.